முற்றியும் கடைத்தெருவுக்கு வராத கத்தரிக்காய்

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த பழமொழியைப் பொய்யாக்கிய கத்தரி ஒன்று உண்டு. கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சோதனைக் கூடத்தில், மஹிகோ என்ற விதை நிறுவனம் அளித்த மரபணுவைக் கொண்டு, அமெரிக்க அரசின் உதவியுடன் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்திவந்த ஒரு திட்டத்தின் கீழ் உருவான அந்தக் கத்தரிக்கு, 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் அங்கீகாரக் குழு சம்மதம் அளித்தது. நான்கு மாதங்கள்கூட நிறைவதற்குள், 2010 பிப்ரவரி 9 அன்று, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் அதனை நிறுத்திவைத்தார். அன்று நின்றது இன்றும் நிற்கிறது. விதையும் மண்ணும் தயாராக இருந்த ஒரு காய் சந்தையை எட்டாமற் போனதன் காரணங்களை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்துகொண்டு ஆராய்வதில் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. ஏனெனில், மரபணு மாற்றிய பயிர் ஒன்று எதிர்ப்பின்றி வந்து நிலைத்ததையும், மற்றொன்று வாசலிலேயே நின்றுபோனதையும் ஒருங்கே கண்ட பிரதேசம் இது.

மேற்கே மலைத்தொடர், கிழக்கே சாத்தூர் வரை பரந்த கரிசல், இடையே கண்மாய்ப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் என்று அமைந்த இந்நிலத்தில், சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இவ்விரு ஊர்களையும் நெடுங்காலமாக இணைத்துவந்தது பருத்தியே. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பின் இங்கே நூற்பாலைகள் பெருகின. அண்டையிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகள் பெருகின. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்து, எஸ்.வி.பி.ஆர். என்ற முன்னெழுத்துக்களோடு வழங்கும் ரகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. இவை வீரிய ஒட்டு அல்ல; விளைந்த பருத்தியிலிருந்து உழவனே அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்துவைக்கத் தக்கவை. இந்த ஒரு குணத்தின் அருமையை, விதைக் கடையில் உறை வாங்கிப் பழகிவிட்ட இன்றைய தலைமுறை முழுதாக உணர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

2002 மார்ச் 26 அன்று மத்திய அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி வழங்கியது. பி.டி. என்று சுருக்கி வழங்கும், மண்ணில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் புகுத்தி, காய்ப்புழுவின் குடலில் நஞ்சாக வேலை செய்யும் புரதத்தைச் செடியே உண்டாக்கிக்கொள்ளுமாறு செய்திருந்தார்கள். 450 கிராம் உறையோடு, பி.டி. அல்லாத சாதாரண விதை 120 கிராம் கொண்ட சிறு உறை ஒன்றும் தரப்பட்டது; வயலின் ஓரங்களில் இதை விதைத்து வைத்தால், புழுக்களில் ஒரு பகுதி நஞ்சைச் சந்திக்காமல் வாழ்ந்து, எதிர்ப்புச் சக்தி பெற்ற புழுக்களோடு கலந்து, அவ்வெதிர்ப்பு இனமெங்கும் பரவாமல் தடுக்கும் என்பது ஏற்பாடு. அந்தச் சிறு உறையை விதைத்தவர்கள் மிகச் சிலரே. புழு தின்பதற்கென்று ஒரு பயிரை வளர்க்கச் சொன்னால், கடன் வாங்கி விதைக்கிற சம்சாரி எப்படி இசைவான்? 2010-ஆம் ஆண்டுக்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. பருத்தியைத் தாங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்ட செய்தி வெளியாயிற்று. ஆயினும் பருத்தி நிலைத்துவிட்டது. இன்று நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்தியே.

பருத்திக்கு இது எளிதாயிற்று. ஏனெனில் அது அரவை ஆலை, நூற்பாலை, தறி, சாயப்பட்டறை என்று பல வாசல்களைக் கடந்து சட்டையாக வந்து சேர்கிறபோது, அதன் பிறப்பை விசாரிப்பவர் எவருமில்லை. ஆனால் பருத்தி உடுக்க மட்டுமே ஆவது என்று எண்ணுவதும் சரியன்று. தென்பாண்டிச் சீமையில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைப்பது வழிவழி வந்த வழக்கம். மதுரையிலிருந்து ராஜபாளையம் வரை மாலைவேளைகளில் தள்ளுவண்டியில் சுக்கும் கருப்பட்டியும் மணக்க விற்கும் பருத்திப்பால், கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலே. அந்தக் கொட்டை எந்த ரகப் பருத்தியிலிருந்து வந்தது என்று விற்பவரும் கேட்டதில்லை, குடிப்பவரும் கேட்டதில்லை. உணவென்று எவரும் பெயர் சூட்டாததால் உணவைப் பற்றி எழும் விவாதம் அதைப் பற்றி எழவில்லை. கத்தரிக்காய்க்கு அந்த மறைவு கிடைக்கவில்லை. அது நேரே குழம்புக்கு வருவது.

கத்தரி பயிரிடுகிறவனின் துயரத்தைச் சொல்லாமல் இவ்விஷயத்தைப் பேசுவது தர்மமாகாது. குருத்தையும் காயையும் துளைக்கும் புழு ஒன்று, முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, தன் கழிவினாலேயே துளையை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. மேலே அடிக்கிற மருந்து உள்ளிருக்கும் புழுவைத் தீண்டுவதில்லை. ஆகவே அது உள்ளே போகுமுன் பிடிக்கவேண்டுமென்று, உழவன் வாரத்துக்கு இரண்டு முறைகூட மருந்து தெளிக்கிறான். இன்று தெளித்து நாளை பறிப்பதும் உண்டு. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து நடக்கும் அவனுடைய நுரையீரலுக்குள் போவதும், கழுவியும் முழுதாகப் போகாமல் நம் சட்டிக்குள் வருவதும் ஒரே நஞ்சுதான். இத்தனைக்குப் பிறகும் கமிஷன் கடையில் கூடையைக் கவிழ்த்தால் சொத்தை சொத்தையாக ஒதுக்கித் தள்ளுகிறார்கள்.

இந்தப் புழுவைத் தடுக்கவே, பருத்தியில் செய்ததைப் போலப் பி.டி. மரபணுவைப் பல்கலைக்கழகம் ஏற்றியிருந்த நான்கு ரகங்களும் நம் ஊர்களின் கத்தரிகளே. கோ 2 என்பது வரிக்கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. எம்.டி.யு. 1 என்பது மதுரைப் பக்கத்துக் கல்லம்பட்டிக் கத்தரியின் வழித்தோன்றல், உருண்டு பருத்துக் கருநீலமாகக் காய்ப்பது. கே.கே.எம். 1 கிள்ளிகுளத்தில் தேர்ந்த வெள்ளைக் கத்தரி. கோழிமுட்டை போலக் கொத்தாகத் தொங்கும் அதைத் தெற்கத்தி வீடுகளில் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கென்று தேடி வாங்குவார்கள். பாலூரில் உருவான பி.எல்.ஆர். 1 நான்காவது. தனியார் கம்பெனியின் ஒட்டு ரகங்களைப் போலன்றி இந்நான்கும் விதை எடுத்துவைக்கத் தக்கவை என்பதை மக்களிடம் அழுத்திச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. கம்பெனியின் கத்தரியும் பல்கலைக்கழகத்தின் கத்தரியும் ஒரே மனுவில், ஒரே பெயரில், ஒரே மரபணுவோடு குழுவின் முன் போயின. ஜனங்களுடைய கண்ணுக்கு இரண்டும் கம்பெனியின் சரக்காகவே பட்டன. இதுவே இம்முயற்சியில் நேர்ந்த ஆதிப் பிழை என்பது என் அபிப்பிராயம்.

அமைச்சர் 2010 ஜனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் கல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார். இந்த ஏழில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுமில்லை. கத்தரியின் பன்முகப் பெருக்கத்துக்குத் தாயகமான இந்நாட்டில் நூற்றுக்கணக்கான உள்ளூர் ரகங்களின் கதி என்னாகும் என்ற கவலையும், நெடுங்காலம் உண்பதன் விளைவைச் சுயேச்சையான நிபுணர்கள் ஆராயவில்லை என்ற குறையும், சோதனைகளில் பெரும்பாலானவற்றைக் கம்பெனியே நடத்தியது என்ற ஆட்சேபமும் அங்கே எழுந்தன. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும், மரபணு விஞ்ஞானத்தின் பகைவரல்லராயினும், நீண்டகால நச்சுத்தன்மைச் சோதனை வேண்டும், நம் ரகங்களைத் திரட்டிப் பாதுகாத்தல் வேண்டும் என்றே ஆலோசனை கூறினார். பல மாநில அரசுகள் எதிர்த்தன; அவற்றுள் கேரளமும் ஒன்று.

கேரளத்தின் மறுப்பு ராஜபாளையத்துக்குத் தொலைதூரச் செய்தியன்று. இப்பகுதிக் காய்கறியில் ஒரு பெரும் பகுதி செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே மலைக்கு அப்பால் போகிறது. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் மிகுந்திருக்கிறதென்று கேரள அரசு பெரும் ஆட்சேபம் கிளப்பியதை இங்குள்ள வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். மருந்து அடித்த காயும் வேண்டாம், மருந்து அடிக்காமலே புழுவைத் தடுக்கும் மரபணுக் காயும் வேண்டாம் என்பது அந்த மாநிலத்தின் நிலை. வாங்குபவரின் விருப்பத்தைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. எனினும் இரண்டு வாசல்களும் அடைபட்ட நிலையில் நடுவே நிற்பவன் உழவன். பி.டி. கத்தரி நம் வயலில் இறங்கியிருந்தால், ஒரே கமிஷன் கடையில் இறங்கும் பத்து ஊர் மூட்டைகளில் எது எந்தக் கத்தரி என்று பிரித்துச் சொல்ல முடியாமல், கேரள வியாபாரி அனைத்தையும் ஒருசேர மறுத்திருக்கக்கூடும். மரபணு மாற்றாத கத்தரியை விளைவித்தவனுக்கும் அந்த நஷ்டம் நேர்ந்திருக்கும்.

புதுக்காய்கறியின் விசேஷ இடர்ப்பாடு இதுதான். காய்கறிக்குச் சந்தையில் பெயரில்லை. சோப்புக்கும் தேயிலைக்கும் கம்பெனியின் பெயர் உண்டு. கூறு கட்டி வைத்த கத்தரிக்கு நிறமும் விலையுமே உண்டு. 2013 ஜனவரி 1 முதல், மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் மேல் அவ்விவரத்தை அச்சிடவேண்டும் என்று அளவை விதி வந்தது. பொட்டலமே இல்லாத காய்க்கு எங்கே அச்சிடுவது? உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதியில்லாத மரபணு உணவை விற்கலாகாது என்கிறது. ஆயினும் கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ அதை அறிய வழியில்லை. 2019-இல் அரியானாவில் அனுமதியில்லாமலே ஒரு வயலில் பி.டி. கத்தரி விளைந்து நின்றது வெளிப்பட்டபோது, சோதனைச் சாலைதான் அதைக் கண்டுசொல்லவேண்டியிருந்தது.

உலகின் முதல் மரபணுக் காய் சந்தைக்கு வந்த கதையும் இங்கே அறியத்தக்கது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கால்ஜீன் என்ற நிறுவனம், பழுத்த பின்னும் எளிதில் இளகாத ஒரு தக்காளியை உருவாக்கி, 1994 மே மாதம் அரசின் இசைவோடு கடைகளில் வைத்தது. மரபணு மாற்றியது என்பதைக் கடையில் விளக்கத் தாள் வைத்துச் சொன்னது. வாங்க மக்களும் திரண்டார்கள். ஆனால் அந்நிறுவனத்தார் விஞ்ஞானிகளேயன்றித் தக்காளி விளைவித்து விற்றுப் பழகியவர்கள் அல்லர். மரபணுவை ஏற்றியிருந்த ரகம் புளோரிடாவின் மண்ணில் விளைச்சல் தரவில்லை. கொடியிலேயே நிறமேறப் பறித்த பழம், பச்சைக்காய்க்கென்று அமைந்த பொட்டலச் சாலை எந்திரத்தைத் தாங்கவில்லை. ஏற்றிச் செல்லும் செலவோ விலையை விழுங்கிவிட்டது. 1997-க்குள் அந்தத் தக்காளி மறைந்தது. இங்கிலாந்தில் 1996-இல் மரபணுத் தக்காளி விழுதை டப்பியில் அடைத்து, பெயரைத் தெளிவாக அச்சிட்டு, குறைந்த விலைக்கு விற்றபோது ஜனங்கள் வாங்கினார்கள். மாட்டு மூளைநோய் விவகாரத்தால் அரசின் வார்த்தையில் நம்பிக்கை இழந்திருந்த அந்நாட்டில், சில ஆண்டுகளுக்குள் எதிர்ப்பு வளர்ந்து, 1999-இல் கடைக்காரர்களே அதை அகற்றிவிட்டார்கள்.

வெற்றி பெற்றது ஹவாய்த் தீவின் பப்பாளி. 1992-இல் அங்கே பூனா என்ற வட்டாரத்தில் வளையப்புள்ளி வைரஸ் புகுந்து தோப்பு தோப்பாக அழித்தபோது, அத்தீவிலேயே பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற விஞ்ஞானி, நோயைத் தாங்கும் பப்பாளியை முன்னமேயே சோதித்துக்கொண்டிருந்தார். 1998-இல் விதை விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நோய் பிரத்தியட்சமாக நின்றதும், விதை கொடுத்தவர் தங்கள் தீவின் மைந்தராக இருந்ததும், லாபம் உழவனுக்கு என்பது வெளிப்படையாகத் தெரிந்ததும் சேர்ந்து அதை நிலைநிறுத்தின. அப்போதும் ஜப்பான் 2011 டிசம்பர் வரை அப்பழத்தை ஏற்கவில்லை. அதுவரை ஜப்பானுக்குச் செல்லும் சாதாரணப் பப்பாளியைத் தனியே வளர்த்துத் தனியே சோதித்து அனுப்பும் பெருஞ்சிரமத்தை அவர்கள் மேற்கொள்ளவேண்டியிருந்தது. கேரளத்துக்குக் காய் அனுப்பும் நம்மூர் வியாபாரி கவனிக்கவேண்டிய செய்தி இது.

நமக்கு இன்னும் அண்மையிலுள்ள உதாரணம் வங்கதேசம். இந்தியா நிறுத்திவைத்த அதே மரபணுவை, மஹிகோவிடமிருந்து பெற்று, அந்நாட்டு அரசு ஆராய்ச்சி நிலையம் தன் சொந்த ரகங்கள் நான்கில் ஏற்றியது. 2013 அக்டோபர் 30 அன்று அனுமதி. 2014 ஜனவரியில் இருபது உழவர்களுக்கு நாற்று. அந்த இருபது வயல்களில் சில வாடல் நோயால் அழிந்தபோது கண்டனங்களும் எழுந்தன. வாடல் நோயைப் பி.டி. மரபணு தடுக்காது என்பதை நாற்றோடு சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். எனினும் 2018-க்குள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள்; பூச்சிமருந்துச் செலவு வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. பிலிப்பைன்ஸிலோ 2022-இல் கிடைத்த அனுமதியை 2024 ஏப்ரலில் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஒரே மரபணு, ஒரே காய், மூன்று தேசங்களில் மூன்று கதி.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மரபணுப் பயிரைச் சோதனைகள் அனைத்திலும் தேற்றி அனுமதி வாங்குவதற்கு ஆகும் பெருஞ்செலவை, லட்சக்கணக்கான ஏக்கரில் விதைக்கும் பருத்தியோ மக்காச்சோளமோ ஈட்டிக்கொடுக்கும். பத்து சென்ட், இருபது சென்ட் என்று பயிராகும் காய்கறி ஈட்டித்தராது. ராஜபாளையத்து மலையடிவாரத் தோப்புகளில் விளையும் சப்பட்டை, பஞ்சவர்ணம் போன்ற மாம்பழங்களுக்காக அத்தகைய செலவை எந்தக் கம்பெனியும் செய்யப்போவதில்லை. ஆகவே காய்கனிகளில் இவ்வேலை நடந்தால் அரசு ஸ்தாபனங்களின் கையால்தான் நடக்கும்; அவற்றின் வேலையும் பாதியில் நின்றுபோவதுண்டு. தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணுவியல் ஆராய்ச்சி நிலையத்தார் 45 நாள் வரை இளகாத தக்காளியை உருவாக்கியதாக 2010-இல் உலகப் புகழ்பெற்ற சஞ்சிகையில் பிரசுரித்தார்கள். தக்காளி விலை வீழ்ந்து சாலையோரம் கொட்டும் காட்சியை ஆண்டுதோறும் பார்க்கிற நமக்கு, அந்தத் தக்காளி இன்றுவரை கண்ணில் படவில்லை.

2010-இல் நிறுத்தியது நியாயமே என்று நான் கருதுகிறேன். சந்தேகம் தீருமுன் ஒரு காயை அனைவர் இலையிலும் பரிமாறலாகாது. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கும் சுயேச்சையான ஆய்வுகளுக்காகவே நிறுத்துகிறோம் என்று அன்று சொன்னதற்கேற்ப, அவ்வாய்வுகளை முறையாக நடத்தி ஆம் அல்லது இல்லை என்று உரைக்காமல் காலத்தைக் கடத்தியதை நியாயம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அந்த ஆண்டுகள் அத்தனையிலும் உழவன் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டுதான் இருந்தான்.

இதற்கிடையே விஞ்ஞானம் வேறு பாதையில் நடந்துவிட்டது. அந்நிய மரபணு எதையும் புகுத்தாமல், செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்யும் முறைக்கு, 2022 மார்ச் 30 அன்று மத்திய அரசு மரபணு மாற்றத்துக்கான பழைய 1989-ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான பகுதிகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அம்முறையில் உருவான இரண்டு நெல் ரகங்களும் அறிவிக்கப்பட்டன. நாளை இதே வழியில் ஒரு தக்காளியோ கத்தரியோ வந்தால், மரபணுப் பொறியியல் குழுவின் முன் நில்லாமலே அது நம் சந்தையை எட்டிவிடும். பெயரில்லாத கூறுகளுக்கிடையே பெயரில்லாமல் அமர்ந்துகொள்ளும். ஜப்பானில் 2021-இல் இப்படித் திருத்திய தக்காளியை விற்கத் தொடங்கிய நிறுவனம், முதலில் அதன் நாற்றுகளை வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, திருத்தியது என்பதைத் தானாகவே அறிவித்தது. நம் உழவர் சந்தைகளில் அன்றாட விலை எழுதும் பலகை இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் ரகத்தின் பெயரையும் எழுதும் வழக்கத்தை இப்போதே தொடங்கினால், அந்த நாள் வரும்போது வாங்குபவர் கேள்வி கேட்கப் பழகியிருப்பார்.

கத்தரியின் வழக்கோ இன்னும் முடியவில்லை. 2024 ஜூலையில் மரபணுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தாலும், மரபணுப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வகுக்கவேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். அதற்கு முன்பே, 2020-இல், இந்தியாவிலேயே உருவான வேறொரு மரபணுவைக் கொண்ட புதிய கத்தரிகளை எட்டு மாநிலங்களில் வயல்வெளிச் சோதனைக்கு உட்படுத்த மத்தியக் குழு இசைந்தது. தமிழ்நாடு அவ்வெட்டில் ஒன்று. உழவர்கள் நம்பி வந்து போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற ஓர் இடத்தில் அத்தகைய சோதனை நடந்து, அடித்த மருந்து எவ்வளவு, ஒதுக்கிய சொத்தை எவ்வளவு, பக்கத்துச் செடிகளுக்கு மகரந்தம் சென்றதா என்பவையெல்லாம் பருவந்தோறும் தமிழில் அச்சாகி, ராஜபாளையத்துக் கமிஷன் கடைக்காரரும் கத்தரி வாங்கும் இல்லத்தரசியும் படிக்கக் கிடைக்கவேண்டும். மாநில அரசின் தடையில்லாச் சான்று இல்லாமல் வயலில் இறங்க முடியாது என்ற விதி 2011 முதல் இருந்துவருகிறது. ஆகவே இதற்கான முதல் மனு தில்லிக்குப் போகுமுன் சென்னைக்குப் போகவேண்டும்.